சேதுக் கடலின் சன்னலோர தரிசனம்

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் இரயிலில் சன்னலோர இருக்கை கிடைப்பதும் ஒரு பாக்கியமே. நகரத்துக் கட்டடங்கள் மறைந்து, மானாமதுரை, பரமக்குடி கடந்ததும் பனைமரங்கள் உடன்வருகின்றன. மண்டபம் தாண்டினால் இருபுறமும் கடல்: வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா.

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நின்றது. யாத்திரை வந்த முதியோர் மூட்டை முடிச்சுகளுடன் இக்கரையிலேயே இறங்கி, பேருந்தில் தீவுக்குச் சென்றனர். 2025 ஏப்ரல் 6, ஸ்ரீராமநவமி நன்னாளில் புதிய பாலம் திறக்கப்பட்டு, அந்தக் கடற்காட்சி அவர்களுக்கு மீண்டும் வாய்த்தது.

பாலத்தைக் கடப்பது சில நிமிடங்களே. அப்போது உறங்கிவிடாமல், பேரக்குழந்தைகளை அருகில் அமர்த்தி, சேது பந்தனக் கதையைச் சொல்லலாம். அலைகளை நோக்கிக் கைகூப்புவோருக்கு, அக்கினி தீர்த்தத்தில் நீராடுமுன்பே இராமநாதசுவாமியின் தரிசனம் தொடங்கிவிடுகிறது.