கட்டுமரம் நம்ம சொல், கடற்கரையில் பாய்மரப் படகு மட்டும் ஏன் இல்லை?

பெங்களூரு மர்பி டவுன் பக்கம் குடியிருக்கும் தமிழ் இளைஞர்களுக்கு இது பழகிப்போன கதை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை மூடி வைப்பது, ராத்திரி பஸ்ஸைப் பிடிப்பது, விடிகிற நேரத்துக்குச் சென்னையிலோ புதுச்சேரியிலோ இறங்குவது. மறுநாள் கடற்கரை. கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளலாம். முட்டுக்காட்டில், 1984-ல் திறந்த அரசுப் படகுக் குழாமில், மோட்டார் படகில் ஒரு சுற்று வரலாம். ஆனால் பாய் கட்டிய ஒரு சின்னப் படகு, ரெண்டு பேர் ஏறி காற்றிலேயே ஓட்டிப் பார்க்கிற மாதிரி, ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு வேண்டும் என்று கேட்டால்? கிட்டத்தட்ட எங்கேயும் கிடைக்காது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகம் முழுக்க அந்தப் படகுக்குப் பெயர் 'கேட்டமரான்'. அது நம்ம 'கட்டுமரம்'தான். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 17-ம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையைப் பார்த்துவிட்டுப் போய், 1697-ல் வெளியான தன் பயண நூலில் இந்தச் சொல்லை எழுதினார். சொல் ஏறிய கப்பல் திரும்பி வரவே இல்லை.

ஆனால் சொல் மட்டும்தான் நம்முடையது, படகு வேறு. நம் கட்டுமரம் லேசான மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டிய மிதவை. இன்று கேட்டமரான் என்று விற்கப்படுவதோ இடைவெளி விட்டு இணைத்த இரட்டைப் படகு. அந்த யோசனை பசிபிக் தீவு மக்களுடையது. அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் 1876-ல் அப்படி ஒன்றைக் கட்டி நியூயார்க் போட்டியில் எல்லோரையும் முந்தினார். அதன் பிறகு மற்றவர்கள் அந்த வகைப் படகையே போட்டிகளிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

சாதாரண மனிதர்கள் கைக்கு அது வந்தது 1960-களின் கடைசியில். கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர், துறைமுகமே தேவைப்படாத ஒரு படகை யோசித்தார். முதலில் ஹோபி 14, பிறகு ஹோபி 16. இரண்டு ஒல்லியான ஃபைபர் கூடுகள், நடுவில் உட்கார இழுத்துக் கட்டிய வலைத்துணி, மேலே வண்ணப் பாய். நீளம் சுமார் 5 மீட்டர், எடை 145 கிலோ. இரண்டு பேர் தேவை. கூடுகளின் வடிவத்தாலேயே படகு பக்கவாட்டில் நழுவாது, அதனால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை கிடையாது. மண்ணில் தட்டினால் சுக்கான் தானாக மேலே மடங்கிக்கொள்ளும். அலையோடு வந்து நேராக மணலில் ஏறி நிற்கலாம். விலை அப்போது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

கவனித்தீர்களா? துறைமுகம் வேண்டாம், அலையைத் தாண்ட வேண்டும், மணலில் ஏற வேண்டும். இயற்கைத் துறைமுகம் இல்லாத சென்னைக் கரையில் கட்டுமரம் பல நூற்றாண்டுகளாகத் தீர்த்துவைத்த அதே கணக்கு இது. மதராஸில் துறைமுகம் கட்டும் முன், தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களுக்குக் கட்டுமரக்காரர்கள் கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக் கொண்டுபோவார்கள். அலை மேலே ஏறினால் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியாக இறங்கிவிடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள், இல்லையென்றால் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும்.

*கலிஃபோர்னியாவில் என்ன ஆச்சு?*

அங்கேயும் இப்போது அந்தக் கூட்டம் இல்லை. 1970, 80-களில் கடற்கரையில் வரிசையாக நின்ற வண்ணப் பாய்கள் குறைந்துவிட்டன. காரணம் ஒன்றல்ல. முதலில் விண்ட்சர்ஃபிங் வந்தது, பிறகு ஜெட் ஸ்கீ, அதற்குப் பிறகு கைட்சர்ஃபிங். எல்லாமே ஒரே ஆள் போதும் என்கிற விளையாட்டுகள். ஹோபியில் ஏற இன்னொருவர் வேண்டும், அவருக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்க வேண்டும். பாய் கட்ட அரை மணி நேரம், அவிழ்க்க அரை மணி நேரம். கரையோர நிலத்தின் மதிப்பு ஏற ஏற, படகை மணலில் விட்டுவிட்டுப் போக இடமும் சுருங்கியது. ஃபைபர் படகு சீக்கிரம் அழியாது என்பது இன்னொரு சிக்கல். பழசே சல்லிசாகக் கிடைக்கும்போது புதுசை யார் வாங்குவார்கள்?

அந்த நிறுவனமே இதைப் புரிந்துகொண்டது. 1997-ல் காலால் மிதித்து ஓட்டும் கயாக்கைக் கொண்டுவந்தது, வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 2021-ல் அமெரிக்காவில் பாய்மரப் படகுத் தயாரிப்பை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டது. ஒலிம்பிக்கில் 1976 முதல் இருந்த டொர்னாடோ என்ற கேட்டமரான் பிரிவு 2012-ல் காணாமல் போய், 2016-ல் நாக்ரா 17 என்ற வேறு படகோடு திரும்பி வந்தது. அது பந்தயக்காரர்களின் படகு. சும்மா ஓட்டிப் பார்க்க வருகிறவருக்கானது அல்ல.

*நம்ம கரையில் கதை வேறு*

அங்கே இருந்தது குறைந்தது. இங்கே பொழுதுபோக்காக அது பரவவே இல்லை. அதே சமயம், பிழைப்பாக இருந்த பாயும் போய்விட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

கட்டுமரத்துப் பாய் காற்றின் நேரத்தோடு ஒத்துப்போனது. விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் போவார்கள், பகலில் கடல்காற்று எழுந்ததும் அதைப் பிடித்துத் திரும்புவார்கள். கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. எது வீசினால் நீரோட்டம் எந்தப் பக்கம், எந்த மீன் வரும் என்பதெல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அறிவு. வானிலை ஆப்பில் ஓர் அம்புக்குறியாகத் தெரிவது அவர்களுக்கு ஒரு முழு நாளின் திட்டம்.

1980-களிலிருந்து வெளியே மாட்டும் மோட்டார் பரவியது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் சென்னையிலிருந்து நடத்திய வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் நேராக ஏறக்கூடிய புது மீன்பிடிப் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. மரம் கிடைப்பது அரிதானது, ஃபைபர் வந்தது. பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி ஆயிரக்கணக்கான கட்டுமரங்களைக் கொண்டுபோனது. நிவாரணமாக வந்தவற்றில் பெரும்பகுதி மோட்டார் வைத்த ஃபைபர் படகுகள். மோட்டார் இருந்தால் தூரம் போகலாம், சந்தை நேரத்துக்குத் திரும்பலாம், காற்று இல்லாத நாளில் துடுப்புப் போட்டுத் தோள் வலிக்க வேண்டாம். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏசி அறையில் உட்கார்ந்து 'ஐயோ, பாரம்பரியம்' என்று புலம்புவது சுலபம். ஆனால் விளைவு ஒன்று உண்டு: பாயைக் கட்டத் தெரிந்த கைகள் கரையில் குறைந்துகொண்டே வருகின்றன. நாளைக்கே ஒருவர் கோவளத்தில் நாலு பாய்மரப் படகு வாங்கி நிறுத்தினாலும் ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் தேட வேண்டும். ஆள் இருக்க வேண்டிய கரையே இதுதான்.

*பயம், அனுமதி, மணல்*

2011 கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அங்கே உல்லாசப் படகு சவாரிக்கே தடை வந்தது. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து மறுபடி 22 உயிர்கள். இரண்டிலுமே அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதுதான் பேச்சானது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நிர்வாகத்துக்குத் தோன்றும் முதல் வழி தடை. ஐம்பது பேரை ஏற்றும் மோட்டார் படகும், லைஃப் ஜாக்கெட் போட்ட ரெண்டு பேர் ஓட்டும் சின்னப் பாய்ப் படகும் அந்தத் தடையின் கண்ணில் ஒன்றுதான். மெரினாவில் குளிக்கவே போலீஸ் விடுவதில்லை, அதற்கும் காரணம் உண்டு. அங்கே கரை சட்டென்று ஆழமாகிறது, இழுப்பு பலம்.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் இன்னொரு அடுக்கு சேர்ந்தது. தாக்கியவர்கள் கடல் வழியாக வந்தவர்கள். படகுப் பதிவு, மீனவர்களுக்கு அடையாள அட்டை, கடலோரக் காவல் என்று எல்லாம் இறுகின. பிழைப்புக்குப் போகிறவருக்கே கேள்விகள் இருக்கும் இடத்தில், சும்மா ஜாலிக்காகக் கடலுக்குள் போக வேண்டும் என்பவரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

எனக்குக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் மணல். பாய்மரப் படகு தினமும் வீட்டுக்கு எடுத்துப்போகிற பொருள் இல்லை. கரையிலேயே நிற்க வேண்டும், யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். நம் கடற்கரையில் அப்படிப் படகு நிற்கிற இடமெல்லாம் மீனவர் குப்பங்களின் முன்னால்தான், வழிவழியாக அவர்கள் புழங்கும் மணல் அது. அதற்கே அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. 2023 ஏப்ரலில் மெரினா லூப் ரோட்டில் மீன்கடைகளால் போக்குவரத்து நெரிசல் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்தபோது, நொச்சிக்குப்பம் மக்கள் ரோட்டில் இறங்கினார்கள். இந்த நிலையில் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து 'என் ஹோபியை இங்கே நிறுத்திக்கவா?' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. குப்பத்தை விலக்கிவிட்டு வருகிற எந்தக் கடல் விளையாட்டும் அந்த மணலைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும்.

*அப்போ சர்ஃபிங் மட்டும் எப்படி ஜெயித்தது?*

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம், நிறுத்த இடம் வேண்டாம், கூட இன்னொருவர் வேண்டாம். இது பாதி விடை. மீதிப் பாதி கோவளத்தில் இருக்கிறது. அங்கே அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கிய மூர்த்தி மேகவன் அந்த மீனவ கிராமத்துக்காரர். சொல்லிக்கொடுப்பதும் ஊர்ப் பிள்ளைகள்தான். வருமானம் ஊருக்குள் வருவதால் மணலில் பலகை அடுக்க யாரும் சண்டைக்கு வரவில்லை. 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. பாய்க்கு இப்படி ஒரு கோவளம் இன்னும் கிடைக்கவில்லை.

திறமை இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் பாய்மரப் படகு அணியில் நான்கு பேர். சென்னையின் நேத்ரா குமணன், வருண் தக்கர், கே.சி.கணபதி, வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன். நாலு பேருமே தமிழ்நாடு! ஆனால் அவர்கள் உருவானது கிளப்புகளிலும் ராணுவப் பயிற்சியிலும். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது, இருப்பது சென்னைத் துறைமுகத்துக்குள். வேலிக்கு உள்ளே உலகத்தரம், வெளியே இருக்கும் பொதுக் கடற்கரையில் ஒன்றுமில்லை. நடுவில் இருக்க வேண்டிய 'சும்மா ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன்' என்கிற படியைத்தான் காணோம்.

மர்பி டவுனுக்குப் பக்கத்திலேயே இதன் சின்ன வடிவம் உண்டு. அல்சூர் ஏரி நடக்கிற தூரம்தான். அதை ஒட்டி 'தம்பி' என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மையம். அந்தப் படை சேர்ந்திருக்கும் ராணுவப் பொறியாளர் பிரிவினர்தான் 1985 முதல் 1987 வரை திருஷ்ணா என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தார்கள். ஏரிக்குப் போகும் நமக்குக் கிடைப்பது சுற்றுலாத் துறையின் படகுச் சவாரி.

உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டுமா? பெங்களூரிலிருந்து பார்த்தால் ஹைதராபாத் ஹுசைன் சாகரும் ஒரு ராத்திரி பஸ் தூரம்தான், அங்கே கிளப்புகள் கற்றுத் தருகின்றன. சென்னையில் என்றால் துறைமுகத்துக்குள் இருக்கும் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தைக் கேட்கலாம். முதல் நாளே பாயைத் தூக்கிக்கொண்டு பறக்கலாம் என்று போகாதீர்கள். முதலில் கவிழ்ந்த படகை நிமிர்த்தத்தான் சொல்லித் தருவார்கள்.

ஓட்டாமல் பார்த்தால் போதும் என்றால் ராமநாதபுரம் மாவட்டம் தொண்டிப் பக்கம் போகலாம். அங்குள்ள மீனவ கிராமங்களில் கோயில் திருவிழாவையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், சென்னை மாதிரி பெரிய அலை இல்லை. மற்ற நாளில் மீன்பிடிக்கப் போகிறவர்களே அன்றைக்குப் பந்தயக்காரர்கள். டிக்கெட் கிடையாது, ஊரே கரையில் நின்று கத்தும். தேதி ஒவ்வோர் ஊரின் திருவிழாவைப் பொறுத்தது, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.