நிலத்தின் வகை மாறும்போது

வயல் வீட்டுமனையாவது அளவுகல் நடும் நாளில் தொடங்குவதன்று. அதற்கு முன்பே அலுவலகக் கோப்பு ஒன்றில் அந்நிலத்தின் வகை மாறிவிடுகிறது. கல் நட்டபின் ஊரார் கூடிப் பேசுவதால் விளையும் பயன் சிறிதே. ஆதலால் அக்கோப்பு நகரும் வழியை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டினது. அதன்படி வகுக்கப்படும் முழுமைத் திட்டம், நிலங்களைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என்றெல்லாம் வகைப்படுத்துகிறது. சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. அன்று பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் அரசு அதனை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து ஆணையிட்டது. நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி இவ்விரிவுக்குள் அடங்கும். சம்பந்தரும் அப்பரும் பாடிய எங்கள் திருப்பாச்சூர் போன்ற சிற்றூர்களுக்கும் இனி இது சொந்தக் கவலையாகும்.

திட்டத்தில் குறித்த வகையையும் மாற்றலாம். இதற்கு நில உபயோக மாற்றம் என்று பெயர். உரிமையாளர் விண்ணப்பித்தபின் நாளிதழில் அறிவிப்பு வெளிவரும். கிராமம், புல எண், பரப்பு, எவ்வகையிலிருந்து எவ்வகைக்கு என்ற விவரங்கள் அதில் இருக்கும். ஆட்சேபணை உடையோர் குறித்த நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். விளம்பரங்களுக்கிடையே ஒதுங்கிக் கிடக்கும் அச்சிறு கட்டத்தைப் படிப்போர் எத்தனை பேர்?

இம்முறைகளைக் கடந்து மனை போட்டால் யாருக்கு நட்டம்? 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதத்தில்தான் வந்தன. இடையில் தவித்தவர்களுள், சிறுகச் சிறுகச் சேமித்து மனை வாங்கிய எளிய குடும்பத்தினரும் இருந்தனர்.

மறுபக்கமும் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் கடன்பட்ட உழவர், நல்ல விலை வரும்போது நிலத்தை விற்க நினைப்பது குற்றமாகுமா? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகள் நம் இளைஞர் பலருக்குச் சோறிடுகின்றன என்பதையும் மறுக்க இயலாது. எனவே, மாற்றம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று கேள்வி. எந்த இடத்தில், எதனை விட்டுவைத்து என்பதே கேள்வி. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டட வளர்ச்சிக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. சென்னையின் குடிநீருக்குக் கிடைக்கும் அக்காப்பு, நம் ஊர் ஏரிக்கும் வரத்துக் கால்வாய்க்கும் வேண்டாமா?

"எங்களுக்கு இது பிடிக்கவில்லை" என்று எழுதும் ஆட்சேபணைக்கு வலுவில்லை. "இப்புல எண்ணை ஒட்டி ஏரிக்கு நீர் வரும் கால்வாய் செல்கிறது; புலப்படத்தில் காண்க" என்று எழுதினால், அதிகாரி அதற்கு விடை கூறியாக வேண்டும் என்று நாம் கேட்க இடமுண்டு. கால்வாய் எங்கே ஓடிற்று என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதைப் புல எண்ணோடு பொருத்தி விண்ணப்பமாக எழுதும் கல்வி நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் அதனைப் பேசித் தீர்மானமாகவும் ஆக்கலாம்.

மாணவ நண்பர்களே! வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் பலர். பட்டம் வேலைக்கு உதவட்டும். அத்துடன், ஊருக்கு வரும் அறிவிப்பை நாள் தவறாமல் படித்துச் சொல்லவும் உதவட்டும்.