பூசும் முன் கழுவுங்கள்!

புண்ணைக் கழுவாமல் மருந்து வைத்துக் கட்டினால் என்ன ஆகும்? உள்ளேயே சீழ் பிடிக்கும். குளியலறை, சிங்க் ஓரங்களில் கறுத்துப்போன சிலிக்கான் மேலேயே புதுசைப் பூசுவதும் அதே கதைதான்! பழசின் மேல் புதுசு சரியாக ஒட்டாது. இடுக்கில் ஈரம் தங்கி, பூஞ்சை திரும்பவும் வரும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது.

பழைய சிலிக்கானை பிளேடால் முழுசாகச் சுரண்டி எடுங்கள். பிசுக்குப் போக சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். கறுப்பு போகவில்லையா? ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். அதோடு ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ மட்டும் கலந்துவிடாதீர்கள்! கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலையே பதம் பார்த்துவிடும்.

பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பூசுங்கள். பூசியபின் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.