காளான் அறைக்குக் குளிர்கால ஈரம்

நமது ஹேடோவில் சுவரே வியர்க்கும், ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை. கோத்தகிரியில் என் தங்கை மகன் கடன் வாங்கிச் சிப்பிக் காளான் கொட்டகை போட்டான். ஜனவரிக் குளிருக்குப் பயந்து மின்சார ஹீட்டர் வைத்தான். மொட்டுகள் எல்லாம் காய்ந்துவிட்டன. "காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேனே, மாமா!" என்று போனில் புலம்பினான்.

காற்றின் குணம் அப்படி. 10 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 9 கிராம் நீராவிதான் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். வெளிக்காற்று முழு ஈரத்தோடு நுழைந்தாலும், சூடேறியதும் ஈரப்பதம் சுமார் 55 சதவீதமாக இறங்கிவிடும். காளானுக்கோ 80-க்கு மேல் வேண்டும்.

ஆகவே சூட்டோடு நீரும் சேர வேண்டும். தரையில் மணல் பரப்பி நனைத்து, சுவரோரம் ஈரச் சாக்குகளைத் தொங்கவிடச் சொன்னேன். கதவை முழுக்க அடைக்கக்கூடாது, காளானும் மூச்சு விடுகிறது. மின்கம்பி ஈரத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும் (ரயில்வேயில் கற்ற பயம்!).

அளப்பதற்கு இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, விசிறிக் காற்றில் வையுங்கள். 20 டிகிரி அறையில் இரண்டுக்கும் வித்தியாசம் 5 டிகிரி என்றால் ஈரப்பதம் 59 சதவீதம். 2 என்றால் 83. அவன் அறை முதல் நாள் 5 காட்டியது. இப்போது 2-க்குள் நிற்கிறதாம். கடனில் ஒரு தவணையும் கட்டிவிட்டான்.