தூக்கிய கைகளும் தொழும் இடங்களும்: சுவரளவு கரி ஓவியங்கள் சொல்வது என்ன?

அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் கிறுக்காத தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு. அந்தக் கரியின் இனத்தைச் சேர்ந்த பொருளால் ஆள் உயரத்தையும் மிஞ்சும் படங்களை வரைந்து, உலகின் பெரிய கலைக்கூடங்களில் இடம்பெற்றவர் ராபர்ட் லோங்கோ. 1953-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த ஓவியர்.

2011-இல் பாரிஸில் அவர் நடத்திய கண்காட்சியின் தலைப்பு 'கடவுள் இயந்திரங்கள்' என்று பொருள்படும். வத்திகனின் புனித பேதுரு பேராலயம், மக்காவின் கஃபா, ஜெருசலத்தின் மேற்குச் சுவர் ஆகிய மூன்றும் அங்கே மாபெரும் கரி ஓவியங்களாக நின்றன. மூன்று சமயங்களுக்கும் ஒரே கறுப்பு, ஒரே வெள்ளை.

இன்னொரு படத்தில் அவர் வரைந்தது விளையாட்டுத் திடலை. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் பெர்குசன் நகரில் மைக்கல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அந்தக் காவலர்மீது குற்றஞ்சாட்டுவதில்லை என்று நவம்பரில் முடிவானது. சில நாள்களில், நவம்பர் 30-ஆம் தேதி, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் குழுவின் ஐந்து ஆட்டக்காரர்கள் இரு கைகளையும் தூக்கியபடி திடலுக்குள் வந்தனர். அவர்கள்மீது நடவடிக்கை வேண்டும் என்று காவலர் சங்கம் கோரியது, லீக் தண்டிக்கவில்லை. லோங்கோ வரைந்தது அந்தக் காட்சியைத்தான்.

கோயிலில் தலைக்கு மேல் கூப்பிய கை வணக்கம். கோல் அடித்தவன் தூக்கிய கை வெற்றி. துப்பாக்கிக்கு முன் தூக்கிய கை உயிர்ப்பிச்சை. உடலின் ஒரே அசைவு இடத்துக்கு இடம் பொருள் மாறுவதைப் பெரிய படம் நிறுத்திக் காட்டுகிறது.

கரி எப்படி வேலை செய்கிறது?

பத்து ஆராங்கில் 1960 வரை வெட்டியது நிலக்கரி. ஓவியருக்கு வேண்டியது மரக்கரி. காற்று அதிகம் புகாமல் மரத்தைச் சுட்டால் கிடைப்பது. பேராக்கின் கோல செபெத்தாங் சூளைகளில் பாக்காவ் மரம் கரியாவதும் இப்படித்தான். ஓவியத்துக்கு மெல்லிய குச்சிகளைச் சுடுவார்கள்; அது மிருதுவாக இருக்கும்.

லோங்கோ புகைப்படத்தைப் பார்த்து வரைகிறார். படத்தில் தெரியும் வெள்ளை, சாயம் அல்ல, வெறும் தாள். கரியைத் தேய்த்துப் பூசி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் அழிப்பானால் எடுக்கிறார். கரி தாளில் ஒட்டுவதில்லை, தங்கி நிற்கிறது. விரல் பட்டாலே கலையும். அதனால்தான் மேலே பசைநீர் தெளிப்பார்கள், கண்ணாடிச் சட்டமும் போடுவார்கள்.

நமக்கு இதில் என்ன?

புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலும் காற்பந்துத் திடலும்தான் ஊர் கூடும் இடங்கள். தீமிதியும் அங்கே, தோட்டக் கிண்ணப் போட்டியும் அங்கே. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானால் முதலில் திடல் போகும், பிறகு கோயில் இடம் மாறும். மிஞ்சுவது சில மங்கிய புகைப்படங்கள்.

அந்தப் படங்களைச் சுவரளவுக்கு வரைய விலையுயர்ந்த வண்ணம் தேவையில்லை. கரியும் அழிப்பானும் நீளமான தாளும் போதும். தமிழ்ப்பள்ளிகளும் ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் மனம் வைத்தால், பால்மரம் வெட்டிய, காவடி எடுத்த, கோல் காத்த நம் பெரியவர்களின் முகங்களும் சுவர் நிறைய நிற்கலாம். அவர்கள் இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது. படத்தில் இருப்பவர் யார் யார் என்று சொல்ல அவர்களால்தான் முடியும்.