கையெழுத்தே போடாமல் கம்பெனி மாறிய குப்பங்கள்!

மருத்துவக் காப்பீட்டு கம்பெனியை மாற்றுவதென்றால் நகரத்துக்காரர்களுக்கு ஏஜென்ட், ஃபாரம், போன் மேல் போன். பழவேற்காட்டு ஏரிக்கரையில் லைட் ஹவுஸ் குப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் எங்கும் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருந்த வீடுகள் மொத்தமாக கம்பெனி மாறின. ஒருவரும் ஒரு கையெழுத்துகூடப் போடவில்லை! எப்படி? வாங்க, திரையை விலக்கி எட்டிப் பார்ப்போம்.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அட்டைக்குப் பின்னால் இருந்தது ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம். 2011-ல் ஆட்சி மாறியது. 2012 ஜனவரி 11-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, அந்த இடத்துக்கு வந்தது சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட அரசு நிறுவனம், யுனைடெட் இந்தியா. இதில்தான் சுவாரஸ்யம்! பழைய திட்டத்தில் 4 ஆண்டுக்கும் சேர்த்து 1 லட்சம். புதியதில் ஆண்டுக்கு 1 லட்சம். தொகை அதே, பலனோ பல மடங்கு! 2018-ல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்ததும் அது 5 லட்சமாக எகிறியது.

ஏரியில் 'பாடு' முறை தெரியும்தானே? இன்று இந்த இடத்தில் இவர் வலை, நாளை வேறொருவர் வலை. ஆள் மாறுவார், ஏரி அங்கேயே இருக்கும். அரசுத் திட்டமும் அப்படித்தான்: டெண்டரில் கம்பெனி மாறலாம், குடும்பத்தின் உரிமை மாறாது. 2022 ஜனவரியில் மறுபடி 5 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டபோது வென்றது யுனைடெட் இந்தியாவேதான். குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய், கட்டுவது அரசு. வருமான வரம்பும் ஆண்டுக்கு 72,000-லிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, கையில் ரேஷன் கார்டு, ஆதார். இவற்றோடு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு.

ஆஸ்பத்திரியில் அட்டையை நீட்டியதும் உள்ளே என்ன ஆகிறது? காப்பீட்டுப் பிரிவு ஊழியர் ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். எங்கோ உட்கார்ந்திருக்கும் மருத்துவக் குழு அதைப் பார்த்து 'சரி' என்றதும் ஆபரேஷனுக்கு வழி திறக்கும். ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதே, இதய நோய் இருக்கிறதே என்று காத்திருப்புக் காலம் கிடையாது. தனியார் பாலிசிக்காரர்கள் பெருமூச்சு விடும் இடம் இதுதான்!

மீனவர்களுக்கு இன்னொரு காப்பீடும் உண்டு: பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் விபத்துக் காப்பீடு. உயிரிழப்புக்கு 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், விபத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் 25,000 வரை. ஆனால் அது விபத்துக்கு மட்டும். காய்ச்சலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்!

சரி, சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை அப்பா அம்மாவுக்கு சொந்தக் காசில் எடுத்த பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்ற நினைத்தால்? அங்கே திரைக்குப் பின்னால் வேலை செய்ய வேண்டியது நீங்கள்தான். 2011 அக்டோபர் முதல் 'போர்ட்டபிலிட்டி' வசதி இருக்கிறது. பழைய கம்பெனியில் கழித்த காத்திருப்புக் காலம் புதிய கம்பெனியிலும் கணக்கில் சேரும், ஆனால் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குத்தான். முன்பே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம் என்பதால், கழித்த ஒவ்வொரு ஆண்டும் பணம்! புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பியுங்கள். புதிய கம்பெனி மறுக்கவும் கூடும். எழுத்தில் 'சரி' வரும்வரை பழையதைக் காலாவதியாக விடாதீர்கள்.

புதுப் பாலிசி வந்ததே என்று முதலமைச்சர் திட்ட அட்டையை மட்டும் பரணில் போட்டுவிடாதீர்கள். அதில் வீட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சந்தேகம் என்றால் 1800 425 3993-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.