முகத்துக்குப் பூசிய மூலிகை: பன்னிரண்டு கிழமைக் கதை



நாங்கள் லிட்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பெண்கள் ஐந்து பேர். விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கி மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வருகிறோம். எங்களில் எவருக்கும் ஓ.எல். பரீட்சைக்கு மேல் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை. ஆகவே இதை வைத்தியக் கட்டுரை என்று எண்ணாமல், பட்டறிந்தவர்கள் சொல்லும் கதையாக வாசியுங்கள்.

எங்களில் மூத்த அக்கா 2012 இல் படகில் வந்தவர். தற்காலிக விசாவில் இருந்தவர்களுக்கு 2023 இல் நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்த பிறகுதான் ஊரில் இருந்த கணவரைக் கூப்பிட அவரால் விண்ணப்பிக்க முடிந்தது. விசா சரிவந்த அன்று எல்லோருக்கும் கேசரி கொண்டுவந்து தந்தார். அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் கைத்தொலைபேசியைக் கண்ணாடிபோலப் பிடித்துக்கொண்டு, "இந்த முகத்தை அவர் மட்டுக்கட்டுவாரோ?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒருத்தி, தெரிந்தவர் மூலம் வாங்கிய மூலிகைக் கிறீம் ஒன்றைக் காட்டினாள். சின்னப் போத்தல், 95 டொலர். எங்களுக்கு அது ஏறத்தாழ நாலு மணித்தியாலக் கூலி. சுருக்கம் போகும், கறுப்பு மாறும், முழுக்க முழுக்கத் தாவரம் என்று எழுதியிருந்தது. உள்ளே இருக்கும் சரக்கின் பெயர் பக்குச்சியோல். அது எதில் இருந்து எடுக்கப்படுகிறது என்று பார்த்தால், எங்கள் சித்த வைத்தியத்தில் வெண்புள்ளிக்குப் பூசுகிற அதே கார்போகரிசி!

"இதுக்கோ 95 டொலர்?" என்று அக்கா ஊரில் இருந்து கார்போகரிசி எடுப்பித்தார். பாலில் அரைத்து ஒரு ஞாயிறு காலை இரண்டு கன்னத்திலும் பூசிக் கழுவிவிட்டு, உடுப்புக் காயப்போட வெளியே போனார். இரண்டாம் நாள் முகம் சிவந்தது. மூன்றாம் நாள் கொப்பளித்தது. பிறகு கொப்பளம் ஆறி, கன்னத்தில் கறுப்புத் தழும்பு நின்றுவிட்டது. கணவர் வர ஆறு மாதம் இருந்தது.

வைத்தியர் காரணத்தைச் சொன்னார். கார்போகரிசியில் பக்குச்சியோல் மட்டுமல்ல, சோறலென் என்ற இன்னொரு பொருளும் உண்டு. தோலில் அது இருக்கும்போது வெயில் பட்டால் தோல் எரிந்துபோகும். வெண்புள்ளிக்கு மருந்தாவதும் அந்தக் குணத்தால்தான். அதை வைத்தியர் அளவு பார்த்துச் செய்வார். தேசிக்காய்த் தோலிலும் இதே வகைப் பொருள் இருப்பதால், தேசிக்காய்ப் புளி முகத்தில் பூசி வெயிலில் போவதும் ஆபத்து. நல்ல கிறீமில் சோறலெனை நீக்கிவிட்டுப் பக்குச்சியோலை மட்டும் சேர்க்கிறார்கள். பக்குச்சியோலை முதலில் பிரித்தெடுத்தவர்கள் இந்திய விஞ்ஞானிகள், 1966 இல்.

அப்படியானால் கிறீம் வேலை செய்யுமா? எங்களில் ஒருத்தியின் மகள் பதினோராம் வகுப்பு. அவள்தான் ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னாள். 2019 இல் பிரித்தானியத் தோல் வைத்திய இதழ் ஒன்றில் அச்சான ஆராய்ச்சி அது. 44 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்குப் பக்குச்சியோலும் மற்றதற்கு விற்றமின் ஏ வகையான ரெற்றினோலும் 12 கிழமை கொடுத்தார்கள். இரண்டிலும் சுருக்கமும் கறுப்பும் ஓரளவு ஒரேமாதிரிக் குறைந்தன. ரெற்றினோல் பூசியவர்களுக்குத்தான் தோல் உரிவும் எரிவும் கூட. நல்ல செய்திதான். ஆனால் 44 பேர் மிகக் குறைவு. வெறும் கிறீம் பூசிய மூன்றாவது கூட்டமும் அதில் இல்லை. வெறும் கிறீமே எவ்வளவு செய்யும் என்று அறியாமல் மூலிகையின் பங்கை எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஆகவே நாங்களே பார்த்தோம். மூன்று பேர் சேர்ந்து அந்தப் போத்தலை வாங்கினோம். அக்காவைச் சேர்க்கவில்லை. முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு கிழமை பூசிப் பார்த்தோம். கடி, சிவப்பு எதுவும் வரவில்லை. பிறகு இடது கன்னத்துக்கு அந்தக் கிறீம், வலது கன்னத்துக்குப் பாமசியில் விற்கும் மலிவுக் கிறீம். வெளியே போகும்போது இரண்டு பக்கமும் வெயில் தடுப்புக் கிறீம். நாலு கிழமைக்கு ஒரு தடவை ஒரே யன்னல், ஒரே நேரம், படம். பன்னிரண்டாம் கிழமை முடிய, எந்தக் கன்னம் எது என்று தெரியாத ஒரு வேலைத் தோழியிடம் படங்களைக் கொடுத்தோம். ஒருத்திக்கு மட்டும் இடது கன்னத்தைக் காட்டினாள். மற்ற இருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றாள். ஆனால் முதல் படத்தோடு பார்த்தால் மூன்று பேருக்கும் இரண்டு கன்னத்திலும் கறுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. மூன்று பேரின் முகம் ஆராய்ச்சியாகாது என்பது எங்களுக்கும் தெரியும். என்றாலும் எங்கள் சந்தேகம் வெயில் தடுப்பின் பக்கம் திரும்பியது.

அதைப் பற்றி இந்த நாட்டிலேயே பெரிய சோதனை நடந்திருக்கிறது. குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில், 1992 முதல் 1996 வரை. ஒரு கூட்டத்தை ஒவ்வொரு நாளும் வெயில் தடுப்புக் கிறீம் பூசச் சொன்னார்கள். மற்றவர்களை விருப்பம்போல விட்டார்கள். அதோடு பாதிப்பேருக்குக் கரட்டின் நிறப்பொருளான பீற்றா கரோட்டின் குளிசை, மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. 55 வயதுக்குட்பட்ட 903 பேரின் புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்த முடிவு 2013 இல் வெளிவந்தது. தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை 24 வீதம் குறைவு. கரட் குளிசையால் ஒரு பலனும் தெரியவில்லை. பார்த்தது கையைத்தான், முகத்தை அல்ல. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். எங்கள் தோலுக்குப் புற்றுநோய்ப் பயம் குறைவு என்றாலும், கறுப்புப் படிவதில் வெயிலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கோடையில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிவைப்பதால், சிட்னியில் மத்தியானம் ஒரு மணியளவில்தான் சூரியன் உச்சிக்கு வரும். இரண்டு மணிக்கு நாங்கள் வெளியே வரும்போது வெயில் இன்னும் கொதிக்கும். இது இத்தனை வருடம் எங்களுக்கு உறைக்கவில்லை.

வெயில் தடுப்பு வாங்கும்போது அவுஸ்ட் எல் என்று தொடங்கும் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 இல் சொய்ஸ் என்ற பாவனையாளர் அமைப்பு 20 வகையைச் சோதித்ததில் 16 வகை எழுதியிருந்த அளவை எட்டவில்லை. அதற்காக விட்டுவிடாதீர்கள், நம்பூரில் பூசியது 15 தான். மூலிகைக் கிறீம் விருப்பமானால் வாங்குங்கள், ஆனால் வாடகைக் காசில் வேண்டாம். வெள்ளையாக்கும் கிறீம்கள் பெயர், முகவரி இல்லாமல் வந்தால் தொடவே வேண்டாம். சிலவற்றில் பாதரசம் பிடிபட்டிருக்கிறது. பிள்ளை வயிற்றில் இருப்பவர்கள் ரெற்றினோலைத் தவிர்க்க வேண்டும்.

அக்காவின் கணவர் வந்துவிட்டார். விமான நிலையத்தில் தூரத்திலேயே மட்டுக்கட்டிவிட்டாராம். பக்கத்தில் வந்ததும் முதலில் கேட்டது, "கன்னத்தில என்ன?" அக்கா தொழிற்சாலையில் சூடு பட்டது என்று சொல்லியிருக்கிறார். பெயர் போடாமல் எழுதுவதென்றால் எழுதுங்கள் என்றார். அவர் இந்தச் சஞ்சிகை வாசிப்பவர் அல்லவாம்.